இறக்கத்தில் உருவாகும் குதிப்பு: பழனிமலைச் சரிவும் கூடைப்பந்து வளையமும்

பழனிமலைகளின் தெற்கு அடிவாரத்தில் இருக்கிறது பெரியகுளம். அங்கே மே மாதத்தில் சில்வர் ஜூபிலி விளையாட்டுக் கழகம் நடத்தும் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டிக்கு முப்படை அணிகளும் வங்கி அணிகளும் வந்து ஆடுகின்றன. ஓடிவந்து ஒருவர் எழும்பி, பந்தை வளையத்துக்கு மேலிருந்து உள்ளே திணித்து ‘டங்க்’ அடித்தால் கூட்டமே எழுந்து நிற்கும். அந்தக் குதிப்பு எப்படி வந்தது என்று கேட்டால் ‘ஆள் உயரம்’ என்பார்கள். இல்லையென்றால் ‘மலை ஏறி ஏறிக் கால் உரம்’ என்பார்கள். இரண்டும் போதாத விடைகள். ஏற்றத்தைவிட இறக்கமே குதிப்பை வளர்க்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

உயரத்தைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. 168 செ.மீ. உயரமுள்ள ஸ்பட் வெப் 1986-ல் என்.பி.ஏ. டங்க் போட்டியை வென்றார். 175 செ.மீ. உயரமுள்ள நேட் ராபின்சன் 2006, 2009, 2010 என மூன்று முறை வென்றார். வளையம் இருப்பது 305 செ.மீ. உயரத்தில். ராபின்சன் உயரமுள்ளவர் நின்றபடி கையைத் தூக்கினால் சுமார் 230 செ.மீ. எட்டும். பந்து வளையத்தைத் தாண்ட இன்னொரு 15 செ.மீ. வேண்டும். ஆக, 90 செ.மீ. எழும்ப வேண்டும். அதற்குக் கால் தரையை விடும் கணத்தில் வேகம் நொடிக்கு 4.2 மீட்டர் இருந்தாக வேண்டும்.

மலைக்காற்று இதற்கு உதவுமா? கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மெக்சிகோ நகரம் 2,240 மீட்டர். 1968-ல் பாப் பீமன் 8.90 மீட்டர் நீளம் தாண்டியது அங்கேதான். ஆனால் நீளத் தாண்டலில் மெல்லிய காற்று உதவுவது ஓட்டத்துக்கு. நேராக மேலே எழும்பும் உடலைக் காற்று தடுக்கும் அளவு மிகச் சொற்பம். மலை உயரத்தில் புவியீர்ப்பு சற்றுக் குறைவதால் 90 செ.மீ. குதிப்பில் கிடைப்பது ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை.

மலையேற்றம் என்ற விடை இதைவிட வலுவானது. பழனிக் கோயிலுக்கு 600-க்கும் மேற்பட்ட படிகள். படியேறினால் மூச்சும் தொடையும் உரம் பெறும், மறுப்பதற்கில்லை. ஆனால் தசை தன் முழு விசையை எட்ட 0.3 நொடிக்கு மேல் ஆகும். ஓடிவந்து ஒற்றைக் காலில் எழும்புபவரின் பாதம் தரையில் இருப்பதோ ஏறத்தாழ 0.2 நொடி. உரம் இருந்தும் அதைச் செலவிட நேரமில்லை. அந்தக் குறையை ஈடுகட்டுவது இழுபட்டு மீளும் தசைநாண். பாதம் ஊன்றியதும் குதிகால் நாண் ரப்பர் போல இழுபட்டு, வாங்கிய ஆற்றலை உடனே திருப்பித் தருகிறது. சோவியத் ஆய்வாளர் யூரி வெர்கோஷான்ஸ்கி 1960-களில் வகுத்த பயிற்சியின் அடிப்படை இதுதான்: மேடையிலிருந்து கீழே குதி, தரையைத் தொட்டதும் எழும்பு. 1975-ல் அமெரிக்கரான ஃபிரெட் வில்ட் இவ்வகைப் பயிற்சிக்குப் பிளையோமெட்ரிக்ஸ் என்று பெயரிட்டார்.

மலைச்சரிவு கற்றுத் தருவதும் இங்கேதான் பொருந்துகிறது. கொடைக்கானலிலிருந்து ஒற்றையடிப் பாதையில் இறங்கியவருக்கு மறுநாள் தொடை வலிப்பது எதனால்? இறங்கும்போது தசை நீண்டுகொண்டே உடல் எடையைப் பிடித்து நிறுத்துகிறது. சில முறை இறங்கிப் பழகினால் வலி குறைகிறது. தசை தாங்கக் கற்றுவிட்டது. குதித்து இறங்கும் விசையைத் தாங்க அது நல்ல முன்தயாரிப்பு. ஆனால் இறக்கம் நிதானமானது. துள்ளல் அதில் இல்லை. அந்தத் துள்ளல் நம் தெருவில் இருந்தது. பாண்டியும் நொண்டியும் ஆடிய பிள்ளைகள் ஒற்றைக் காலில் நூற்றுக்கணக்கான முறை தரையைத் தொட்டுத் தொட்டு எழும்பினார்கள். உடற்கல்வி நூல்கள் இந்த ஆட்டங்களை வெறும் பொழுதுபோக்காக ஒதுக்கியது பெரும் பிழை என்பது என் துணிபு.

டொனால்டு தாமஸைக் காட்டி மறுப்பவர்கள் உண்டு. டங்க் அடித்துக்கொண்டிருந்த இந்த பகாமாஸ் இளைஞர் 2006-ல் நண்பரின் சவாலுக்காக உயரம் தாண்டத் தொடங்கி, 2007-ல் ஒசாகாவில் 2.35 மீட்டர் தாண்டி உலகச் சாம்பியன் ஆனார். பிறவி நாண்தான் காரணம் என்பார்கள். அதில் உண்மை உண்டு. ஆனால் அதற்கு முன் கூடைப்பந்துக் களத்தில் அவர் குதித்து இறங்கிய ஆண்டுகளை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

நம் ஊர்க் களங்களில் பெரும்பாலானவை சிமெண்டுத் தரை. ரிங்கைத் தொட்டுவிட்டு இறங்கும் பையனின் காலடியைக் காதால் கேளுங்கள். ‘தொம்’ என்று குதிகால் விழுந்தால், தரையின் அடி முழங்காலுக்குப் போகிறது. முன்பாதம் மெல்லப் பதிந்து முட்டி மடங்கினால் அவன் இறங்கக் கற்றிருக்கிறான். மேடையிலிருந்து குதிக்கும் பயிற்சியை இவனுக்குத் தரலாம், ‘தொம்’ என்று விழுபவனுக்குத் தரக்கூடாது.

பழனி, பெரியகுளம், கொடைக்கானல் பள்ளிகளின் உடற்கல்வி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். விரலில் சாக்பீஸ் தூள் தடவிச் சுவரருகே நின்று ஒரு கோடு, குதித்து ஒரு கோடு. இரண்டுக்கும் இடையிலான செ.மீ. அளவை ஜூனில் ஒருமுறை, மார்ச்சில் ஒருமுறை நோட்டில் எழுதுங்கள். பக்கத்திலேயே, அந்தப் பிள்ளை எப்படி இறங்கினான் என்றும் எழுதுங்கள்.