ரியாலிட்டி ஷோக்களில் குழந்தைகள்: பெற்றோரின் கையெழுத்து எதுவரை செல்லும்?

2007ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், சாண்டா ஃபே நகருக்கு அருகேயுள்ள ஒரு பண்ணைக்கு 40 குழந்தைகள் அழைத்து வரப்பட்டார்கள். ஆக இளையவர்களுக்கு வயது 8, மூத்தவர்களுக்கு 15. கௌபாய் படங்கள் எடுக்கப் பயன்பட்டு வந்த பழைய செட் அந்த இடம். பெற்றோர் உடன் வரவில்லை. பள்ளிகள் நடந்துகொண்டிருந்த மாதங்கள் அவை. குழந்தைகள் 40 நாட்கள் தாங்களே சமைத்து, தண்ணீர் சுமந்து, தங்களுக்குள் சட்டம் போட்டு ஒரு ஊரை நடத்திக் காட்ட வேண்டும். பெரியவர்கள் செய்யத் தவறியதைக் குழந்தைகள் செய்வார்களா என்று பார்க்கும் 'பரிசோதனை' என அது விளம்பரப்படுத்தப்பட்டது. சிபிஎஸ் தொலைக்காட்சி அதே ஆண்டு செப்டம்பரில் ஒளிபரப்பிய 'கிட் நேஷன்' என்ற ரியாலிட்டி ஷோ இது.

நிகழ்ச்சியின் அமைப்பையும் சொல்ல வேண்டும். போட்டியில் வெல்வதைப் பொறுத்து குழந்தைகள் நான்கு வகுப்பினராகப் பிரிக்கப்பட்டனர். மேல்தட்டினருக்கு ஒரு டாலர் கூலி, வேலையும் கிடையாது. அடுத்து வணிகர், அதற்கடுத்து சமையல்காரர். கடைசியில் இருந்த தொழிலாளிக்கு 10 சென்ட். எட்டு வயதுப் பிள்ளைக்கு வர்க்க வேறுபாட்டை இப்படித்தான் கற்றுக்கொடுக்க வேண்டுமா என்று நமக்குத் தோன்றலாம். ஒவ்வொரு வாரமும் ஒரு குழந்தைக்கு 20,000 டாலர் மதிப்புள்ள தங்க நட்சத்திரம் கிடைக்கும். கலந்துகொண்டதற்காக ஒவ்வொருவருக்கும் 5,000 டாலர்.

ஒரு பகுதியில் வழிபாட்டையும் போட்டிக்குள் கொண்டுவந்தார்கள். மத வழிபாடு நடத்த வேண்டும் என்று குழந்தைத் தலைவர்களுக்குக் குறிப்பு வந்தது. பல மதக் குடும்பங்களிலிருந்து வந்திருந்த பிள்ளைகளுக்குள் இதனால் மனத்தாங்கல் ஏற்பட்டது. பிறகு இரவில் நெருப்பைச் சுற்றி அமர்ந்து அவர்களாகவே சேர்ந்து பிரார்த்தித்தார்கள். அந்த வாரப் பரிசாக மினி கோல்ஃப் மைதானமா, பல மதங்களின் வேதநூல்களா என்று கேட்டபோது வேதநூல்களையே தேர்ந்தெடுத்தார்கள். பிள்ளைகள் கண்ணியமாகவே நடந்துகொண்டார்கள். ஆனால் ஒரு குழந்தையின் ஈமானைப் பார்வையாளர்களைக் கவரும் பொருளாக்கலாம் என்று நினைத்தவர்கள் பெரியவர்கள் அல்லவா?

படப்பிடிப்பின்போது சமைத்துக்கொண்டிருந்த 11 வயதுச் சிறுமியின் முகத்தில் கொதிக்கும் எண்ணெய் தெறித்துக் காயமானது. பெயர் ஒட்டாத சோடா பாட்டிலில் இருந்த பிளீச்சைக் குடித்துவிட்டுச் சில குழந்தைகள் சிகிச்சை பெற்றார்கள். காயமடைந்த சிறுமியின் தாய் அதிகாரிகளுக்குப் புகார் எழுதினார். உள்ளூர் ஷெரிஃப் அலுவலகம் விசாரித்து, குற்றம் ஏதும் இல்லை என்று முடித்தது. இது வேலை அல்ல, கோடைக்கால முகாம் போன்றது, ஆகவே குழந்தைத் தொழிலாளர் சட்டம் பொருந்தாது என்பது தயாரிப்பாளர்களின் வாதம். குழந்தை நடிகர்களின் வேலை நேரத்துக்கு வரம்பு விதிக்கும் சட்டம் நியூ மெக்சிகோவில் நடைமுறைக்கு வந்தது 2007 ஜூலையில்தான். அதற்குள் படப்பிடிப்பு முடிந்துவிட்டிருந்தது.

எல்லாவற்றையும்விட அதிர்ச்சி தந்தது பின்னர் பத்திரிகைகளில் வெளியான ஒப்பந்தம். அது 22 பக்கம். பிள்ளைக்குக் காயமோ நோயோ மரணமோ நேர்ந்தாலும் தொலைக்காட்சி நிறுவனமும் தயாரிப்பாளர்களும் பொறுப்பல்ல. பாலியல் நோய்த்தொற்று, கர்ப்பம் ஆகியவையும் அந்தப் பட்டியலில் இருந்தன. நாள் முழுவதும் படம்பிடிக்கலாம். இரகசியத்தை வெளியிட்டால் 50 இலட்சம் டாலர் அபராதம். இதில் பெற்றோர் கையெழுத்திட்டிருந்தார்கள்.

கேள்வி எழுந்தபோதெல்லாம் வந்த பதில், "பெற்றோர் சம்மதித்தார்களே" என்பதுதான். நம் மார்க்கச் சட்டம் அறிந்தவர்களுக்கு இந்தப் பதில் போதாது. இஸ்லாமிய ஃபிக்ஹில் 'வலீ' எனும் பொறுப்பாளர் பிள்ளையின் உரிமையாளர் அல்ல. பிள்ளையின் நலனுக்காக அமானிதமாகப் பெற்ற அதிகாரம் மட்டுமே அவருடையது. பருவமடையாத, ஆனால் விபரம் தெரிந்த குழந்தையின் செயல்களை ஹனஃபி மத்ஹபின் அறிஞர்கள் மூன்றாகப் பிரிக்கிறார்கள். அன்பளிப்பைப் பெற்றுக்கொள்வது போல முற்றிலும் இலாபமானது என்றால், வலீயின் அனுமதி இல்லாமலே செல்லும். வாங்கல் விற்றல் போல இலாபமும் நஷ்டமும் கலந்தது என்றால், வலீ அனுமதித்தால் செல்லும். தன் பொருளை இனாமாகக் கொடுத்துவிடுவது போல முற்றிலும் நஷ்டமானது என்றால் செல்லாது, வலீ அனுமதித்தாலும் செல்லாது. இந்த மூன்றாவது வகையை நாம் அதிகம் பேசுவதில்லை.

அந்த 22 பக்கத்தை இந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள். கலந்துகொள்வது இரண்டாம் வகையில் வரலாம், பணமும் அனுபவமும் கிடைக்கிறது. ஆனால் உயிருக்கும் உடலுக்கும் தீங்கு நேர்ந்தால் நியாயம் கேட்கும் உரிமையை முன்கூட்டியே விட்டுக்கொடுப்பதில் பிள்ளைக்கு என்ன இலாபம்? அது பெற்றோரின் பொருளும் அல்ல, எழுதிக்கொடுக்க. அநாதையின் சொத்தை அவர் பக்குவமடைந்தபின் ஒப்படைக்கும்படி சூரா அந்நிஸா கட்டளையிடுகிறது. சொத்துக்கே இவ்வளவு பேணுதல் என்றால் உடலுக்கும் மானத்துக்கும் எவ்வளவு?

'பரிசோதனை' என்ற சொல்லையும் சற்று நோக்க வேண்டும். 1954இல் முஸஃபர் ஷெரிஃப் என்ற உளவியலாளர் ஓக்லஹோமாவில் 11 வயதளவிலான 22 சிறுவர்களை முகாமுக்கு அழைத்து, இரு அணிகளாக்கி, பகை எப்படி மூள்கிறது என்று ஆராய்ந்தார். தாங்கள் ஆராயப்படுகிறோம் என்பது சிறுவர்களுக்குத் தெரியாது. இன்று அமெரிக்காவில் குழந்தைகளை வைத்து அரசு நிதியில் அப்படி ஓர் ஆய்வு செய்ய வேண்டுமானால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். பெற்றோரின் அனுமதியோடு, விபரம் தெரிந்த குழந்தையின் சம்மதமும் பொதுவாகத் தனியே வேண்டும். பல்கலைக்கழகத்தைக் கட்டுப்படுத்தும் இந்த விதி தொலைக்காட்சியைக் கட்டுப்படுத்துவதில்லை. 'கிட் நேஷன்' விஷயத்தில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும், விரும்பினால் வீட்டுக்குப் போகலாம் என்று குழந்தைகளுக்குச் சொல்லப்பட்டது. எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் முதல் பகுதியிலேயே போய்விட்டான். வளர்ந்தபின் அந்த நாட்களை மகிழ்ச்சியோடு நினைவுகூர்ந்தவர்களும் உண்டு. சிலருக்கு நன்றாக முடிந்தது என்பதால் ஒப்பந்தம் நியாயமாகிவிடாது. இடிந்த சுவரின் கீழ் உறங்கி எழுந்தவரின் கதை அது.

இந்தியாவில் நிலைமை காகிதத்தில் மேலானது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2017ஆம் ஆண்டு திருத்த விதிகளின்படி, குழந்தைக் கலைஞரை நாளொன்றுக்கு 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. இடைவேளையின்றி 3 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. மாவட்ட ஆட்சியரின் அனுமதி பெற வேண்டும். தொடர்ந்து 27 நாட்களுக்கு மேல் பயன்படுத்தக் கூடாது, ஆக அந்த 40 நாள் நிகழ்ச்சிக்கு இங்கே இடமே இல்லை. வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் பிள்ளையின் பெயரில் வங்கியில் வைக்கப்பட வேண்டும். விருப்பத்துக்கு மாறாகப் பங்கேற்க வைக்கக் கூடாது. பாட்டு, நடன நிகழ்ச்சிகளுக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோரில் எத்தனை பேர் அந்த அனுமதிக் கடிதத்தைக் கேட்டுப் பார்க்கிறார்கள்?

இசை நிகழ்ச்சி நமக்கெதற்கு என்று சிலர் ஒதுங்கிவிடலாம். ஆனால் இந்தோனேசியாவின் ஆர்சிடிஐ தொலைக்காட்சி 2013 முதல் ரமளானில் 'ஹாஃபிழ் இந்தோனேசியா' என்ற நிகழ்ச்சியை ஒளிபரப்பி வருகிறது. குர்ஆனை மனனம் செய்த சின்னஞ்சிறு குழந்தைகள் அதில் ஓதுகிறார்கள். பார்த்துக் கண்கலங்காதவர் குறைவு. நோக்கம் உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. என்றாலும் வேலை நேரம், தூக்கம், தவறிவிட்ட பிள்ளையின் முகத்தைக் கேமரா எவ்வளவு நேரம் காட்டுகிறது, விளம்பர வருமானம் யாருக்கு என்ற கேள்விகள் அங்கேயும் அப்படியே பொருந்தும். ஓதப்படுவது இறைவேதம் என்பதற்காக அந்தக் கேள்விகளை நாம் தள்ளுபடி செய்யக் கூடாது. இன்னும் கூடுதலாகவே கேட்க வேண்டும்.

இப்போது தொலைக்காட்சி நிறுவனம்கூடத் தேவையில்லை. பிள்ளையின் அழுகை, குறும்பு, முதல் நோன்பு எல்லாவற்றையும் பெற்றோரே படமெடுத்து யூடியூபில் ஏற்றுகிறார்கள். அங்கே வலீயும் தயாரிப்பாளரும் ஒருவரே, பிள்ளைக்காக மறுப்புச் சொல்ல ஆளில்லை. 2020 அக்டோபரில் ஃபிரான்ஸ் இதற்காக ஒரு சட்டம் இயற்றியது. பிள்ளையை வைத்துத் தொழில்போல் வீடியோ எடுக்க அரசு அனுமதி வேண்டும். வருமானத்தின் ஒரு பகுதி வயதுவரும்வரை பொது நிதி நிறுவனத்தில் பாதுகாக்கப்படும். தன் வீடியோவை நீக்கும்படி அந்தப் பிள்ளையே தளத்திடம் கேட்கலாம். அதற்குப் பெற்றோரின் சம்மதம் தேவையில்லை.