ஈய எழுத்தும் திரை எழுத்தும்

தாயகத்தை விட்டுத் தொலைவில் வந்து, பற்பல அலுவல்களில் அமர்ந்து வாழும் நம் காலனிக் குடும்பங்களுக்கு ஆண்டு விழா மலர் ஒரு குடும்பச் சொத்து. இதற்குக் கட்டுரை அனுப்பும் அன்பர்கள் இன்று தாளில் எழுதித் தருவதில்லை. கணிப்பொறியிலோ கைப்பேசியிலோ தட்டெழுதியே அனுப்புகின்றனர். ஒரு வீட்டில் செம்மையாகத் தோன்றிய கட்டுரை, இன்னொரு வீட்டில் வெறும் கட்டங்களாகத் தோன்றுவதுண்டு. 'கொ' என்னும் எழுத்தின் கொம்பும் காலும் இடம் மாறிச் சிதறிக் கிடப்பதுமுண்டு. இவற்றைக் காணாதார் நம்மில் அரியர். இஃது ஏன் நேர்கின்றது? விடை காண வேண்டின், தமிழ் எழுத்து அச்சேறிய வரலாற்றைச் சிறிது திரும்பிப் பார்த்தல் வேண்டும்.

1554ஆம் ஆண்டில் போர்ச்சுகல் நாட்டு லிஸ்பன் நகரில் தமிழ் நூல் ஒன்று அச்சிடப்பட்டது. மொழி தமிழ், எழுத்தோ ரோமன். தமிழுக்கென அச்செழுத்துகள் அங்கு இல்லாமையால், தமிழ் பிறர் உடையை உடுத்து உலவ நேர்ந்தது. 24 ஆண்டுகள் கழித்து, 1578இல், கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' 16 பக்கங்களில் தமிழ் எழுத்திலேயே அச்சாயிற்று. அன்றுதான் தமிழ் தன் சொந்த உடையில் அச்சுப் பொறிக்கு வந்தது.

பின்னர்த் தரங்கம்பாடியில் சீகன்பால்கு அச்சகம் அமைத்தபோது, ஜெர்மனியின் ஹாலே நகரில் தமிழ் எழுத்துகளை வார்த்து அனுப்பினர். அவை அளவிற் பெரியன. தாள் மிகுதியாகச் செலவாயிற்று. ஆதலின் இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்துக்கொண்டனர். எந்த எழுத்துருவைத் தேர்வது என்னும் சிக்கல் நம் காலத்தில் பிறந்ததன்று என்பதை இதனால் அறிகின்றோம். எனினும், ஈய எழுத்துக்கு ஒரு பெருமை உண்டு. அச்சான தாள் எங்குச் சென்றாலும் எழுத்து மாறுவதில்லை. மதுரையில் அச்சிட்ட நூலைக் கல்கத்தாவில் திறந்தாலும் 'க' என்பது 'க'வே.

கணிப்பொறி இவ்வுறுதியைக் குலைத்தது. பொறி எழுத்தை அறியாது, எண்ணையே அறியும். 1980களிலும் 1990களிலும் தமிழுக்கு எழுத்துரு செய்தோர், ஆங்கில எழுத்துகளுக்கும் பிற குறிகளுக்கும் உரிய எண்களின்மேல் தமிழ் வடிவங்களை ஏற்றி வைத்தனர். ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி ஏற்றினர். ஒருவர் 'அ'வை வைத்த இடத்தில் மற்றொருவர் 'ழ'வை வைத்தார். அந்தந்த எழுத்துரு இருக்கும் பொறியில் மட்டுமே அந்தந்தத் தமிழ் புலப்படும். அஃதில்லாப் பொறியில் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலே தோன்றும்.

இந்நிலை நம் சங்கத்தையும் விட்டுவைக்கவில்லை. முன்னாள் செயலாளர் ஒருவர் உழைத்துத் தட்டெழுதி வைத்த கூட்டக் குறிப்புகளை அண்மையில் நாம் திறந்து பார்த்தோம். முதற் பக்கம் முதல் இறுதிப் பக்கம் வரை ஒரு தமிழ்ச் சொல்லும் இல்லை. கோப்பு அழியவில்லை, அதனைப் படிக்கும் எழுத்துரு நம்மிடம் இல்லை, அவ்வளவே. நம் காலனியின் தொடக்க கால நிகழ்ச்சிகள், நன்கொடையாளர் பெயர்கள், குழந்தைகளுக்குத் தமிழ் வகுப்பு தொடங்கிய நாள் யாவும் அக்குவியலுக்குள் அடங்கிக் கிடந்தன.

இக்குழப்பத்தை நீக்க அறிஞர் பலர் முயன்றனர். 1997இல் சிங்கப்பூரிலும், 1999 பிப்ரவரியில் சென்னையிலும் தமிழ் இணைய மாநாடுகள் கூடின. சென்னை மாநாட்டின் பயனாய்த் 'தாம்', 'தாப்' என்னும் குறியீட்டு முறைகளும் 'தமிழ் 99' விசைப்பலகையும் அமைந்தன. உலகெங்கும் சிதறி வாழ்ந்த தமிழன்பர்கள் இணையத்தின் வழியே கலந்து பேசித் 'திஸ்கி' என்னும் முறையை வகுத்தனர். இவற்றிற்கு முன்னரே, 1991இல் வெளியான யூனிகோடு முறையில், உலக மொழிகள் பலவற்றோடு தமிழுக்கும் 128 இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. 2010இல் தமிழக அரசும் யூனிகோட்டை ஏற்றது. இனி 'அ' என்பதற்கு எந்நாட்டுப் பொறியிலும் ஒரே எண்தான்.

எண் ஒன்றாயிற்று, அதனால் வடிவமும் ஒன்றாயிற்றோ? இல்லை. இங்கேதான் பலரும் அறியாத நுட்பம் உளது. யூனிகோடு முறையில் 'கெ' என்னும் எழுத்தை எழுதுங்கால், முதலில் 'க', அடுத்து எகரக் குறி என்றே பொறி நினைவிற் கொள்ளும். திரையிலோ கொம்பு முன்னே வரவேண்டும். 'கொ' என்பதில் ஒரே குறி இரண்டாகப் பிரிந்து, 'க'வின் இருபுறமும் நிற்கவேண்டும். முற்காலத்தில் அச்சுக்கோப்பவர் தம் கையாற் செய்த இவ்வேலையை இன்று செய்வது எழுத்தமைக்கும் மென்பொருள். விண்டோஸில் இது 'யூனிஸ்கிரைப்' என்னும் பெயரால் வந்தது. ஆண்ட்ராய்டிலும் லினக்ஸிலும் 'ஹார்ஃப்பஸ்' என்பது இப்பணியை ஆற்றுகின்றது. ஆப்பிள் பொறிகளுக்குத் தனியொன்று உண்டு. அச்சுக்கோப்பவர் மூவர் எனின், மூவர் கையும் ஒன்றுபோல் இராதன்றோ?

ஆதலின் ஒவ்வோர் இயங்குதளத்திற்கும் தமிழ் தனித்தனியே வந்து சேர்ந்தது. 2000ஆம் ஆண்டில் வெளியான விண்டோஸ் 2000இல் 'லதா' எழுத்துரு வந்தது. அடுத்து வந்த எக்ஸ்பியிலும் தமிழைச் சரியாகக் காண, அமைப்புப் பகுதிக்குச் சென்று தனியே ஒரு வசதியை இயக்க வேண்டியிருந்தது. அறியாதோர் சிதறிய எழுத்தையே கண்டனர். ஆப்பிளின் மாக் பொறிக்கு மலேசியத் தமிழர் முத்து நெடுமாறன் ஆக்கிய 'இணைமதி' 2005இல் வந்தது. ஆப்பிள் பொறிகளில் உள்ள அவருடைய மற்றோர் எழுத்துருவின் பெயர் 'தமிழ் சங்கம்' என்பது நமக்கு உவகை தருவது. லினக்ஸுக்கு ரெட்ஹாட் நிறுவனத்தார் 'லோஹித்' எழுத்துருக்களை அளித்தனர்; 'லோஹித்' எனின் வடமொழியில் சிவப்பு.

ஆவணத்தில் குறித்த எழுத்துரு நம் பொறியில் இல்லையெனின், இயங்குதளம் தானே வேறொன்றைத் தேர்ந்துகொள்ளும். தமிழ் எழுத்துரு எதுவுமே இல்லையெனின் கட்டங்களைக் காட்டும். இக்கட்டங்களைக் கணிப்பொறியாளர் 'டோஃபு' என நகையாடுவர். டோஃபு இனி வேண்டா என்னும் கருத்திலேயே கூகுள் நிறுவனம் தன் எழுத்துருக் குடும்பத்திற்கு 'நோட்டோ' எனப் பெயரிட்டது. எழுத்துருத் தேர்வினால் வடிவமும் மாறும். 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன் வழங்கிய 'னை', 'லை' முதலியவற்றின் பழைய துதிக்கை வடிவத்தை ஓர் எழுத்துரு காட்டலாம். புதிய வடிவத்தை மற்றொன்று காட்டலாம். உள்ளிருக்கும் எண் ஒன்றே.

இவற்றையெல்லாம் கருதி, இம்மலருக்கு முன் நாம் ஒரு சிறு சோதனை செய்தோம். இடர் தரும் எழுத்துகளை ஒரே வரியில் அடக்கினோம்: 'கௌரி அக்காள் ஸ்ரீரங்கத்துப் பூனைக்குக் கொஞ்சம் மோர் ஊற்றினாள், அஃதோ பக்ஷணம் கேட்டது.' இவ்வரியை விண்டோஸ், மாக், லினக்ஸ், ஆண்ட்ராய்டு ஆகிய நான்கிலும் திறந்து பார்க்குமாறு வீடுதோறும் அனுப்பினோம். புதிய பொறிகள் அனைத்தும் செவ்வனே காட்டின. பழைய பொறி ஒன்றில் கொம்புகள் பின்னே போய் நின்றன. பக்கம் அமைக்கும் பழைய மென்பொருள் ஒன்றில் 'ஸ்ரீ' பிரிந்தது. அன்பர் சிலர் 'கௌ' என்பதைக் 'கெ', 'ள' என்று இரண்டாகத் தட்டியிருந்தனர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. பொறிக்கோ அது 'கெள' என்னும் வேறு சொல். 'கௌரி' என்று தேடினால் அக்கட்டுரை அகப்படாது.

இச்சோதனையின் பயனாக மூன்று முடிவுகளுக்கு வந்தோம். கட்டுரைகள் யூனிகோட்டிலேயே வருதல் வேண்டும். அச்சகத்திற்கு அனுப்பும் கோப்பில் எழுத்துருவையும் உடன்பொதிந்து அனுப்புதல் வேண்டும். பழைய முறைகளில் உள்ள சங்கக் கோப்புகளை, மாற்றித் தரும் கருவிகளின் துணையோடு, அவற்றைப் படிக்கத் தெரிந்தோர் நம்மிடையே இருக்கும்போதே மாற்றி, ஒப்புநோக்கி, வைத்தல் வேண்டும். செயலாளரின் குறிப்புகளை அவ்வாறே மீட்டோம். முதல் தமிழ் வகுப்பில் அமர்ந்த குழந்தைகளின் பெயர்கள் கிடைத்தன. அவர்களுட் சிலர் இன்று தம் மக்களை அதே வகுப்புக்கு அழைத்து வருகின்றனர்.

இறுதியாக ஒன்று. நம் இளைஞர் கைப்பேசியில் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதக் காண்கின்றோம். அவர்களைக் கடிந்து பயனில்லை. முன்னாளில் அவர்கள் தமிழில் எழுதியபோது பாட்டியின் கைப்பேசியில் கட்டங்கள் தோன்றின. ஆங்கில எழுத்தோ எங்கும் தோன்றிற்று. 1554இல் லிஸ்பனில் நேர்ந்ததும் இதுவே. அன்றிருந்த தடை 1578இல் நீங்கிற்று. நம் காலத் தடையும் பெரும்பாலும் நீங்கிவிட்டது. பழக்கந்தான் நீங்கவில்லை. ஊரில் உள்ள பாட்டிக்கு இன்றிரவே தமிழ் எழுத்தில் ஒரு வரி எழுதி அனுப்புமாறு ஒவ்வொரு வீட்டிலும் குழந்தைகளை வேண்டுகின்றோம். அங்கு எழுத்து நன்கு தெரிந்ததா எனக் கேட்டறிய மறவாதீர்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!