மைக்ரானைக் கட்டிப்போட்டவர்கள்

எஃப்/2 தொலைநோக்கி வைத்திருப்பவர்கள் என் லேத் பட்டறைக்கு வரும்போது பெரும்பாலும் கண்ணாடியைக் குறைசொல்லிக்கொண்டேதான் வருகிறார்கள். கேமராவைத் தொலைநோக்கியில் பூட்டும் அடாப்டர் வளையம் கடைந்து தருவது எனக்குப் பக்கத் தொழில். இரவில் நானும் வானத்தைப் படமெடுப்பவன் என்பதால் வளையத்தோடு படங்களையும் காட்டுவார்கள். ஒரு மூலையில் நட்சத்திரங்கள் புள்ளி புள்ளியாக அழகாக விழுந்திருக்கும். எதிர்மூலையில் அத்தனைக்கும் வால் முளைத்திருக்கும். “கண்ணாடியிலதானுங்கண்ணா கோளாறு. திருப்பி அனுப்பிரட்டுங்களா?” என்று கேட்டார் அண்மையில் வந்த ஒரு தம்பி. “கண்ணாடி மேல பழி போடாதீங்க, கொஞ்சம் இருங்க” என்று சொல்லிவிட்டு, அவருடைய வளையத்தை லேத்தில் பிடித்து டயல் கேஜை வைத்துச் சுற்றினேன். முள் 50 மைக்ரான் ஆடியது. கோளாறு அங்கே இருந்தது.

இது இன்றைக்கு வந்த நோய் அல்ல. வானத்தைப் படமெடுக்கத் தொடங்கிய காலத்திலிருந்தே, நல்ல ஆடியைத் தேய்த்து முடித்தவர்கள் அடுத்துப் போராடியது அதைத் தாங்கும் இரும்போடும் அந்த இரும்பை நீட்டிச் சுருக்கும் வெப்பத்தோடும்தான். நூல்களில் கண்ணாடி தேய்த்தவர்களுக்குக் கிடைத்த இடம், அதை அசையாமல் நிறுத்தியவர்களுக்குக் கிடைக்கவில்லை என்பது என் ஆதங்கம்.

குவியத் தூரத்தை ஆடியின் விட்டத்தால் வகுத்தால் வரும் எண் சிறியதாக இருந்தால் அது வேகமான தொலைநோக்கி. எஃப்/8-இல் பதினாறு நிமிடம் கேட்கும் நெபுலா எஃப்/2-இல் ஒரே நிமிடத்தில் பதிந்துவிடும். அந்த ஆதாயத்துக்கு ஒரு விலை உண்டு. கதிர்கள் மிகச் சரிவாக வந்து கூடுவதால், கூர்மை நிற்கும் இடம் மெலிந்துபோகிறது. எஃப்/10-இல் முன்னும் பின்னும் 110 மைக்ரான்வரை பிசகினாலும் படம் தாங்கும். எஃப்/2-இல் 4 மைக்ரானைத் தாண்டினாலே போச்சு. நம் தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான். கொலிமேஷன், அதாவது ஆடி, வில்லை, கேமரா எல்லாவற்றின் அச்சையும் ஒரே கோட்டில் நிறுத்தும் வேலை, இன்னும் கறாரானது. பரவளைய ஆடியில் கோமா என்னும் வால்பிழை தொந்தரவு செய்யாத நடுவட்டம் எஃப் எண்ணின் மும்மடிக் கணக்கில் சுருங்குகிறது. எஃப்/8-இல் அது சுமார் 11 மில்லிமீட்டர்; எஃப்/4-இல் ஒன்றரை மில்லிமீட்டர்கூட இல்லை.

இந்தக் கணக்கோடு முதலில் மல்லுக்கட்டிய கருவிகளில் ஒன்று கிராஸ்லி தொலைநோக்கி. 36 அங்குல ஆடி, எஃப்/5.8. இங்கிலாந்தில் ஆண்ட்ரூ காமன் அதைக் கொண்டு 1883 ஜனவரி 30 அன்று ஓரியன் நெபுலாவைப் படமெடுத்தார். கண்ணால் பார்க்க முடியாத நட்சத்திரங்களும் தகட்டில் விழுந்திருந்தன. பிறகு அது எட்வர்ட் கிராஸ்லியின் கைக்குப் போய், 1895-இல் கலிபோர்னியாவின் லிக் ஆய்வகத்துக்கு அன்பளிப்பாக வந்தது. அங்கே அதைத் தொட யாரும் விரும்பவில்லை. ஆட்டம் கண்ட தாங்கி, கட்டுக்கு அடங்காத குழாய் என்று ஒதுக்கிவைத்தார்கள். 1898-இல் இயக்குநராக வந்த ஜேம்ஸ் கீலர் அதைத் தானே எடுத்துக்கொண்டார். தாங்கும் தூணை வெட்டிக் குறைத்தார், ஓட்டும் கடிகாரத்தைச் சீராக்கினார், இரண்டே வருடத்தில் சுருள் நெபுலாக்கள் ஆயிரக்கணக்கில் இருப்பதைத் தகடுகளில் காட்டினார். அந்தக் கருவிக்கு எட்டுபவை மட்டும் 1,20,000 இருக்கும் என்பது அவர் மதிப்பீடு. 1900 ஆகஸ்டில், 42 வயதில் இறந்துபோனார். அவர் சீர்செய்ததில் பெரும்பங்கு ஆடியைத் தாங்கிய இரும்புதான் என்பதை நான் யாரிடமும் சொல்லாமல் விடுவதில்லை.

குவியத்தைச் சோதிக்க அன்று கணினி கிடையாது. ஃபூக்கோ 1850களின் கடைசியில் ஆடிகளைச் சோதிக்கக் கண்டுபிடித்த கத்திமுனைச் சோதனைதான் கை கொடுத்தது. அதை ஒருமுறை செய்து பார்த்தவர்களுக்கு மறக்காது. ஒளிப்படத் தகடு இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சவர பிளேடு. பின்னால் கண்ணை வைத்தால் நட்சத்திரம் தெரியாது. ஆடி முழுவதும் ஒரே ஒளித்தட்டாகத் தெரியும். பிளேடை மெல்ல இடமிருந்து வலமாகத் தள்ளவேண்டும். நிழலும் இடமிருந்தே ஏறினால் பிளேடு குவியத்துக்கு முன்னால், ஆடியின் பக்கம் நிற்கிறது. எதிர்ப்புறமிருந்து ஏறினால் குவியத்தைத் தாண்டி நிற்கிறது. எந்தப் பக்கமும் இல்லாமல் தட்டு முழுக்க ஒரே நொடியில் இருண்டால், அதுதான் இடம். விலையில்லாத இந்தச் சோதனையைவிட நேர்மையானது இன்றைக்கும் இல்லை என்பது என் கருத்து.

மவுண்ட் வில்சன் மலையில் 1908-இல் 60 அங்குலத் தொலைநோக்கி வந்தபோது, அதன் ஆடியைத் தேய்த்த ஜார்ஜ் ரிச்சி இதை ஒரு நியமமாகவே கடைப்பிடித்தார். பல மணிநேரம் நீளும் ஒரே படத்தின் நடுவே, தகட்டுச் சட்டத்தைக் கழற்றி, கத்திமுனையை வைத்துக் குவியத்தைச் சரிபார்த்து, சட்டத்தைப் பழைய இடத்தில் இம்மியும் பிசகாமல் திரும்ப மாட்டி, வழிகாட்டும் நட்சத்திரத்தைப் பிடித்துக்கொண்டு தொடர்வார். குவியம் ஒருமுறை வைத்துவிட்டு மறப்பது அல்ல, இரவெல்லாம் காவல் காக்கவேண்டியது என்று அவர் நடந்துகொண்டார். அவருடைய சுருள் நெபுலாப் படங்கள் இன்றும் வியக்கவைக்கின்றன.

அதே மலையில் 1917 நவம்பர் 1 இரவு நடந்ததை வேகத் தொலைநோக்கி வாங்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ளவேண்டும். 100 அங்குல ஹூக்கர் தொலைநோக்கியை முதன்முதலாக வியாழன் மேல் திருப்பினார்கள். ஆய்வகத்தின் இயக்குநர் ஜார்ஜ் ஹேல் கண்ணை வைத்தார். ஒரு வியாழனுக்குப் பதிலாக ஒன்றன்மேல் ஒன்றாக ஆறேழு வியாழன். வருடக்கணக்கில் தேய்த்த ஆடி வீணாகிவிட்டதா என்று பதறிப்போனார்கள். பகலில் வேலையாட்கள் குவிமாடத்தைத் திறந்து வைத்திருந்ததில் ஆடி சூடேறி உருக்குலைந்திருக்கலாம் என்ற ஐயம் எழுந்தது. யாரும் ஒரு திருகாணியையும் தொடவில்லை. காத்திருந்தார்கள். விடியலுக்கு முன் மூன்று மணி வாக்கில் ஹேல் திரும்பி வந்தபோது வியாழன் தொலைநோக்கிக்கு எட்டாத இடத்துக்குப் போய்விட்டிருந்தது. வேகா நட்சத்திரத்தின் மேல் திருப்பினார்கள். ஒரே கூரிய புள்ளி. ஆடி குளிர்ந்திருந்தது, அவ்வளவுதான்.

உண்மையான வேகம் வந்தது பெர்ன்ஹார்ட் ஷ்மிட்டிடமிருந்து. எஸ்தோனியாவின் நைசார் தீவில் 1879-இல் பிறந்தவர். பதினைந்து வயதில் வெடிமருந்தோடு விளையாடி வலது கையை இழந்தார். மிச்சமிருந்த ஒற்றைக் கையால்தான் வாழ்நாள் முழுக்க ஆடி தேய்த்தார். ஹாம்பர்க்கின் பெர்கெடோர்ஃப் ஆய்வகத்தில் வேலை பார்த்தவர், 1929 சூரிய கிரகணத்துக்காக வானியலாளர் வால்டர் பாடேயோடு பிலிப்பைன்ஸ் போனார். திரும்பும் கப்பலில் தன் யோசனையைப் பாடேயிடம் சொன்னார். பரவளைய ஆடியை விட்டுவிட்டு வெறும் கோள ஆடியை வைத்துக்கொள்வது; கோள ஆடிக்குக் கோமா இல்லாமல் செய்ய அதன் வளைவு மையத்தில் வாயை வைப்பது; மிஞ்சும் கோளப் பிழையை அந்த வாயில் ஒரு மெல்லிய கண்ணாடித் தகட்டை வைத்து நீக்குவது. அந்தத் தகட்டின் வளைவு கண்ணுக்கே தெரியாது, ஆனால் தேய்க்கப் படாதபாடு படுத்தும். ஷ்மிட் அதற்குச் செய்த வேலை எந்தப் பட்டறைக்காரனையும் எழுந்து நிற்கவைக்கும். தகட்டை ஒரு பாத்திரத்தின் விளிம்பில் காற்றுப் புகாமல் பொருத்தி, உள்ளே இருந்த காற்றை உறிஞ்சினார். தகடு உள்வாங்கி வளைந்தது. வளைந்த நிலையிலேயே எளிய வடிவத்துக்குத் தேய்த்துவிட்டுக் காற்றை உள்ளே விட்டார். தகடு நிமிர்ந்தபோது அவர் விரும்பிய சிக்கலான வளைவு தானாக அதில் வந்து நின்றது.

1930-இல் அவர் கட்டிய முதல் கேமராவின் வாய் 36 சென்டிமீட்டர், ஆடி 44 சென்டிமீட்டர், வேகம் எஃப்/1.75. அதில் குவியம் விழும் இடம் தட்டையாக இல்லை, கோளமாக வளைந்திருந்தது. ஆகவே ஃபிலிமையே வளைத்துப் பிடிக்கவேண்டும். 1935 டிசம்பரில் ஷ்மிட் இறந்தார். பாடே அமெரிக்காவுக்குப் போகும்போது அந்த யோசனையையும் கொண்டுபோயிருந்தார். பாலோமர் மலையில் 1936-இல் 18 அங்குல ஷ்மிட், 1948-இல் 48 அங்குல ஷ்மிட் என்று கருவிகள் எழுந்தன. ஷ்மிட் அதில் ஒன்றையும் பார்க்கவில்லை.

48 அங்குலக் கேமராவுக்கு 14 அங்குலச் சதுரக் கண்ணாடித் தகடு. தடிமன் ஒரு மில்லிமீட்டர் அளவு. அதை வளைத்துப் பிடித்துத்தான் 1949 முதல் 1958 வரை வடவானம் முழுவதையும் படமெடுத்தார்கள். குவியத் தூரம் மூன்று மீட்டர். இரும்பு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு 12 மைக்ரான் அளவு சுருங்கும். மூன்று மீட்டரில் ஒரு டிகிரி குளிர்ந்தால் 36 மைக்ரான். எஃப்/2.5 தாங்குவதோ முன்பின் 6 அல்லது 7 மைக்ரான். பெரிய ஷ்மிட் கேமராக்களில் இதற்குத் தீர்வாக வந்தது இன்வார். 1896-இல் சார்ல் எடுவார் கியோம் கண்டறிந்த இரும்பு-நிக்கல் கலவை அது. இரும்பு நீளுவதில் பத்தில் ஒரு பங்குதான் நீளும். ஆடிக்கும் தகட்டுக்கும் உள்ள தூரத்தை இன்வார் கம்பிகளிடம் ஒப்படைத்துவிட்டால், வெளிக்குழாய் தன் இஷ்டத்துக்கு நீண்டு சுருங்கலாம்.

பாலோமரின் 200 அங்குலத் தொலைநோக்கிக்கு மார்க் செருரியர் 1930களில் வகுத்த சட்டம் என் பார்வையில் இந்த வரலாற்றின் உச்சம். எஃப்/3.3 ஆடி, எடை பதினான்கு டன்னுக்கு மேல். அவ்வளவு எடையைத் தாங்கும் சட்டம் தொங்காமல் இருக்கவே முடியாது. செருரியர் தொங்கலைத் தடுக்க முயலவில்லை. ஆடி இருக்கும் அடிமுனையும் கேமரா இருக்கும் மேல்முனையும் ஒரே அளவு, ஒன்றுக்கொன்று இணையாகத் தாழும்படி முக்கோணச் சட்டங்களை அமைத்தார். இரண்டும் சேர்ந்து இறங்குவதால் அச்சு விலகுவதில்லை. இன்றைய பெரிய தொலைநோக்கிகள் பலவற்றில் அந்தச் சட்டத்தின் ஏதோ ஒரு வடிவம் நிற்கிறது.

நம் ஊரில் இதையெல்லாம் கண்ணால் பார்க்க வாணியம்பாடி வழியாக ஜவ்வாது மலைக்குப் போனால் போதும். காவலூரில் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி இருக்கிறது. ஆடி எஃப்/3.25. வெப்பத்தில் நீளாத செரோடூர் கண்ணாடி ஜெர்மனியிலிருந்து வந்தது; தேய்த்தது பெங்களூரில், இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் ஒளியியல் கூடத்தில். அதைக் கனவு கண்ட வானியலாளர் வைணு பாப்பு 1982-இல் காலமானார். தொலைநோக்கி 1986 ஜனவரி 6 அன்று திறக்கப்பட்டு அவர் பெயரைப் பெற்றது. அதே வளாகத்தின் 45 சென்டிமீட்டர் ஷ்மிட்டில் 1988 பிப்ரவரி 17 அன்று ஆர். ராஜமோகன் ஒரு குறுங்கோளைக் கண்டார். அதற்கு 4130 ராமானுஜன் என்று பெயர். அதற்கு முன் சென்னை ஆய்வகத்தில் வானியலாளர் போக்சன் 1885-இல் வேரா என்ற குறுங்கோளைக் கண்டு நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

வீட்டு மொட்டைமாடிக்கு ஷ்மிட்டின் தகடு வந்தது 1970-இல், செலஸ்ட்ரான் நிறுவனம் எட்டு அங்குலத் தொலைநோக்கியை மலிவாகச் செய்தபோது. 2014-இல் எஃப்/2.2, பிறகு எஃப்/2 என்று கேமராவை முன்வாயிலேயே மாட்டும் கருவிகளும் வந்துவிட்டன. ஹார்ட்மன் 1900 வாக்கில் போட்ஸ்டாமில் கையாண்ட துளைத்தகட்டின் வழியில், 2005-இல் ரஷ்யாவின் பாவெல் பாஹ்டினோவ் ஒரு கீற்றுத்தகட்டைத் தந்தார். நட்சத்திரத்திலிருந்து மூன்று ஒளிக்கோடுகள் விழும். நடுக்கோடு சரிபாதியில் நின்றால் குவியம் சரி. ஆனால் அது அந்த நிமிடத்துக்கு மட்டும் சரி. 40 சென்டிமீட்டர் அலுமினியக் குழாய் ஒரு டிகிரி குளிர்ந்தாலே 9 மைக்ரான் சுருங்கிவிடும். எஃப்/2 தாங்கும் மொத்த அளவே அதுதான்.

படத்தைப் படிக்கத் தெரிந்தால் பாதி சிக்கல் தீர்ந்தது. படமெங்கும் வால் ஒரே பக்கம் நீண்டிருந்தால் அச்சு விலகியிருக்கிறது. நடுவிலிருந்து நாலாபுறமும் சமமாக விரிந்தால், கேமராவுக்கும் வில்லைக்கும் இடைப்பட்ட தூரம் தப்பு. கிழக்கே நன்றாக இருந்தது, நடுவானம் தாண்டியதும் கெட்டால் ஏதோ ஒன்று தொங்குகிறது. முதன்மை ஆடியை நகர்த்திக் குவிக்கும் கருவிகளில் அது பெரும்பாலும் ஆடியேதான். ஆகவே அங்கே குவியக் குமிழைக் கடைசியாகத் திருப்புவது ஆடியை மேலே தள்ளும் திசையில், அதாவது இடஞ்சுழியாக இருக்கவேண்டும். ஒரு பக்கம் கூர்மை, மறுபக்கம் மங்கல் என்றால் சாய்வு. கேமராவை மட்டும் கால் சுற்று திருப்பி இன்னொரு படம் எடுங்கள். படத்தின் அதே மூலை மறுபடி கெட்டால் சாய்வு கேமரா பக்கம். மூலை மாறினால் தொலைநோக்கி பக்கம்.

எஃப்/2 வைத்திருக்கும் தம்பி தங்கைகளிடம் நான் கேட்பது இதுதான். மாலையே கருவியை வெளியில் வைத்துவிடுங்கள். ஒவ்வொரு டிகிரிக்கும் குவியத்தைத் திரும்பப் பாருங்கள். வெப்பநிலையையும் குமிழ் நின்ற இடத்தையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கேமராவைத் திருப்பிப் பார்த்த இரண்டு படங்களையும் வளையத்தோடு எடுத்து வாருங்கள். கொலிமேஷன் திருகாணியை எல்லாவற்றுக்கும் கடைசியில் தொடுங்கள்.