யெட்டி: இமயமலைப் பனிமனிதன் தொன்மம்

யெட்டி என்பது நேபாளம், திபெத்து, பூட்டான் பகுதிகளின் உயர்ந்த இமயமலைச் சரிவுகளில் வாழ்வதாகக் கூறப்படும் உயிரினம் ஆகும். இது உடல் முழுதும் மயிரடர்ந்து, இரு கால்களில் நடக்கும் என்பர். தமிழில் பனிமனிதன் எனவும் அழைக்கப்படுகிறது. இவ்வுயிரினம் இருப்பதற்கு அறிவியல் சான்று எதுவும் இல்லை. எனினும், மலைமக்களின் நம்பிக்கை ஒன்று வெளியுலகில் எவ்வாறு உருமாறியது என்பதை இதன் வரலாறு காட்டுகிறது.

மலைமக்களின் கதைகள்

செர்ப்பா மக்களிடையே யெட்டியைக் காண்பது தீய சகுனமாகக் கருதப்படுகிறது. அவர்களின் கதை ஒன்றில், யெட்டிகளின் தொல்லை பொறுக்காத ஊரார், அவை பார்க்கும்படி மது அருந்திச் சண்டையிடுவதுபோல் நடிக்கின்றனர். அதைப் பார்த்து அவ்வாறே செய்த யெட்டிகள் ஒன்றையொன்று கொன்றுவிடுகின்றன. தப்பியவை வஞ்சத்துடன் மலையுச்சிக்குச் சென்று மறைகின்றன. மலையில் தனியே திரியக் கூடாது என்று குழந்தைகளை எச்சரிக்கவும் இத்தகைய கதைகள் பயன்பட்டன. பூட்டானில் இவ்வுயிரினம் மிகோய் எனப்படுகிறது. அந்நாட்டின் கிழக்கிலுள்ள சக்தெங் வனவிலங்கு சரணாலயம் மிகோயின் வாழிடமாகவும் கருதப்படுகிறது.

பெயர் திரிந்த விதம்

1832-ஆம் ஆண்டு, நேபாளத்தில் பணியாற்றிய பிரையன் ஹாட்ஜ்சன், தம் வேட்டையாட்கள் இரு கால்களில் நடக்கும் மயிரடர்ந்த விலங்கைக் கண்டு அஞ்சி ஓடியதை எழுதினார். அது ஒராங்குட்டானாக இருக்கலாம் என்பது அவர் கருத்து. 1921-இல் எவரெஸ்ட் ஆய்வுக் குழுத் தலைவர் ஹோவர்ட் பரி, லக்பா லா கணவாய்ப் பனியில் பெரிய காலடித் தடங்களைக் கண்டார். அவை ஓநாயின் தடங்கள் என்று அவர் கருதினார். உடன் வந்த சுமைதூக்குவோர் 'மெத்தோ காங்மி' என்றனர். மெத்தோ என்பதற்கு மனிதக் கரடி என்றும், காங்மி என்பதற்குப் பனிமனிதன் என்றும் பொருள் கூறப்படுகிறது. கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் இதழில் எழுதிவந்த ஹென்றி நியூமன், மெத்தோ என்பதை 'அருவருப்பான' என மொழிபெயர்த்தார். அப்பெயரே உலகெங்கும் பரவியது.

தேடல்கள்

1951-இல் எரிக் ஷிப்டன் மென்லுங் பனியாற்றில் எடுத்த காலடி ஒளிப்படங்கள் ஆர்வத்தைப் பெருக்கின. 1954-இல் டெய்லி மெயில் நாளிதழ் தேடல் குழு ஒன்றை அனுப்பியது. நேபாள அரசு தேடலுக்கு 5,000 ரூபாய் உரிமக் கட்டணம் விதித்தது. தற்காப்புக்கன்றி யெட்டியைக் கொல்லக் கூடாது என்றும் விதித்தது.

இந்தத் தேடலின் இழப்பு மடாலயங்களைச் சேர்ந்தது. பாங்போச்சே மடாலயத்தில் புனிதப் பொருளாகக் காக்கப்பட்ட 'யெட்டியின் கை'யிலிருந்து ஒரு விரலை 1959-இல் பீட்டர் பைர்ன் எடுத்துச் சென்றார். 2011-இல் செய்த மரபணு ஆய்வில் அது மனித விரல் எனத் தெரிந்தது. அந்தக் கையும் மடாலயத்திலிருந்து திருடுபோனது.

கும்ஜுங் ஊரில் நடந்தது வேறு. 1960-இல் எட்மண்ட் ஹிலாரி, அங்கிருந்த 'யெட்டியின் உச்சந்தலைத் தோலை' ஊராரின் இசைவுடன் கடனாகப் பெற்றார். ஊர்ப் பெரியவர் கும்ஜோ சும்பி அதனுடன் சிகாகோ, பாரிஸ், லண்டன் நகரங்களுக்குச் சென்றார். அது செரோ எனும் மலையாட்டின் தோலால் செய்யப்பட்டது என அறிஞர்கள் முடிவு செய்தனர். தோல் ஊருக்கே திரும்பியது. 1961-இல் ஹிலாரி அவ்வூரில் பள்ளி ஒன்றைக் கட்டித் தந்தார்.

மரபணு ஆய்வு

2017-இல் சார்லட் லிண்ட்க்விஸ்ட் குழுவினர், யெட்டியுடையவை எனப்பட்ட 9 மாதிரிகளை ஆராய்ந்தனர். அவற்றுள் 8 கரடிகளுடையவை, ஒன்று நாயினுடையது. மலையேறுநர் ரைன்ஹோல்ட் மெஸ்னரும் யெட்டி என்பது கரடியே என முன்பே எழுதியிருந்தார். 1921-இல் தவறாக மொழிபெயர்க்கப்பட்ட சொல்லிலேயே கரடி இருந்தது. அக்கரடிகளுள் ஒன்றான இமயமலைப் பழுப்புக் கரடி இன்று அழிவின் விளிம்பில் உள்ளது.