சிம் கார்டு மாதிரி கரண்ட் கம்பெனியையும் மாத்தலாமா? மும்பையில் நடப்பது என்ன... தமிழ்நாட்டில் ஏன் முடியாது?

நெட்வொர்க் சரியில்லை என்றால் சிம்மை போர்ட் பண்றோம். கேபிள் பிடிக்கலைன்னா டிஷ் மாட்டுறோம். ஆனா கரண்ட் பில் எகிறினா? ஈபி ஆபீஸைத் தவிர போக வேற இடம் இல்லை. இதுதான் தமிழ்நாட்டு வீடுகளின் நிலை.

ஆனால் இந்தியாவிலேயே ஒரு பெருநகரத்தில், 'எனக்கு இந்தக் கம்பெனி வேண்டாம், அந்தக் கம்பெனி கொடுங்க' என்று சாதாரண வீட்டுக்காரர் கேட்க முடியும். அது மும்பை. அங்கே இது எப்படி நடக்கிறது? மாறினால் உண்மையில் பணம் மிச்சமாகுமா? விரிவாகப் பார்க்கலாம்.

மும்பையில் யார் யார் கரண்ட் தருகிறார்கள்?

தென் மும்பையில் மாநகராட்சிக்குச் சொந்தமான 'பெஸ்ட்' நிறுவனம். சிவப்பு பஸ் ஓட்டுகிறதே, அதே பெஸ்ட்தான். புறநகரில் அதானி எலெக்ட்ரிசிட்டி. இது முன்பு ரிலையன்ஸ் வசம் இருந்தது, 2018 ஆகஸ்ட்டில் அதானி குழுமத்துக்குக் கைமாறியது. முலுண்ட், பாண்டுப் பக்கம் மாநில அரசின் மகாவிதரண். இவற்றுடன் டாடா பவர் நிறுவனத்துக்கும் மும்பையில் விநியோக உரிமம் இருக்கிறது.

ஒரே பகுதியில் இரண்டு கம்பெனிகளுக்கு உரிமம் இருப்பதுதான் இங்கே விஷயம். 2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டமும் இதை அனுமதிக்கிறது.

இந்த வசதி எப்படி வந்தது?

டாடா பவர் வீடுகளுக்கு நேரடியாக கரண்ட் விற்கலாமா, கூடாதா என்று நீண்டகாலம் வழக்கு நடந்தது. விற்கலாம் என்று 2008 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் வீடு வீடாகக் கம்பி இழுக்க டாடாவிடம் புறநகர் முழுக்க நெட்வொர்க் இல்லை. 2009 அக்டோபரில் மகாராஷ்டிரா மின்சார ஒழுங்குமுறை ஆணையம் ஒரு வழி சொன்னது: இருக்கிற கம்பி அப்படியே இருக்கட்டும், அதன் வழியாகவே டாடா கரண்ட் கொடுக்கலாம், கம்பிக்குச் சொந்தக்காரருக்கு வாடகை கொடுத்துவிட வேண்டும்.

இதற்கு 'சேஞ்ச் ஓவர்' என்று பெயர். அந்த வாடகைதான் பில்லில் 'வீலிங் சார்ஜ்' என்று வரும். கம்பியையும் சேர்த்து மாற்றினால் அது 'ஸ்விட்ச் ஓவர்'.

எல்லா மும்பைவாசிகளும் மாறலாமா?

முடியாது. பெஸ்ட் பகுதியில் இந்த சேஞ்ச் ஓவர் வசதி இல்லை. 2003 சட்டத்துக்கு முன்பிருந்தே கரண்ட் விநியோகம் செய்துவரும் உள்ளாட்சி அமைப்புகளுக்கு, தங்கள் கம்பியை வேறு நிறுவனத்துக்குத் திறந்துவிடும் கட்டாயத்திலிருந்து சட்டமே விலக்கு தந்திருக்கிறது. பெஸ்ட் அந்த வகையில் வருகிறது.

இதனால் நம்ம ஆட்களுக்குள்ளேயே வித்தியாசம் உண்டு. செம்பூரில் இருக்கும் தமிழ்க் குடும்பம் கம்பெனி மாறலாம். கொஞ்ச தூரத்தில் தாராவியிலும் மாட்டுங்காவிலும் இருக்கும் தமிழ்க் குடும்பத்துக்கு பெஸ்ட்தான்.

மாறினால் கரண்ட் கட் ஆகாதா?

இந்தக் கேள்விக்கு சரியான பதில் தெரியாமல்தான் பலர் ஏமாறுகிறார்கள். கம்பெனி மாறினாலும் உங்கள் வீட்டுக்கு வரும் கம்பி அதேதான், தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் அதேதான். கம்பியில் பழுது வந்தால் சரிசெய்ய வேண்டியதும் கம்பி வைத்திருக்கும் நிறுவனமே. மாறுவது பில் போடும் நிறுவனமும் கட்டணமும் மட்டும். தேவைப்பட்டால் மீட்டர் மாற்றப்படலாம்.

அதனால், 'எங்க ஏரியாவில் அடிக்கடி கரண்ட் போகுது' என்பதற்காகக் கம்பெனி மாறினால் பலன் இருக்காது. பக்கத்து வீட்டில் கரண்ட் போனால் உங்கள் வீட்டிலும் போகும்.

எந்தக் கம்பெனி மலிவு?

'அவங்க யூனிட் ரேட் கம்மி' என்று யாராவது சொன்னால் உடனே நம்பக்கூடாது. ஒரு மாத பில்லில் பல தலைப்புகள் உண்டு:

* நிலைக் கட்டணம் - கரண்ட் பயன்படுத்தாவிட்டாலும் கட்ட வேண்டியது.
* யூனிட் கட்டணம் - 100 யூனிட் வரை, 101-300, 301-500, அதற்கு மேல் என ஸ்லாப் வாரியாக மாறும்.
* வீலிங் சார்ஜ் - கம்பி வாடகை.
* எரிபொருள் சரிக்கட்டும் கட்டணம் - நிலக்கரி, எரிவாயு, வெளியில் வாங்கும் மின்சாரத்தின் விலையைப் பொறுத்து ஏறி இறங்கும்.
* மின்சார வரி - வீடுகளுக்கு 16 சதவீதம்.

கட்டணங்களை ஒழுங்குமுறை ஆணையம்தான் நிர்ணயிக்கிறது. ஆனால் கம்பெனிக்குக் கம்பெனி, ஸ்லாபுக்கு ஸ்லாப் வித்தியாசப்படும். ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்க்கலாம்.

'அ' கம்பெனி: முதல் 100 யூனிட்டுக்கு 4 ரூபாய், அதற்கு மேல் 8 ரூபாய்.
'ஆ' கம்பெனி: முதல் 100 யூனிட்டுக்கு 5 ரூபாய், அதற்கு மேல் 7 ரூபாய்.

மாதம் 100 யூனிட் ஓடும் வீட்டுக்கு 'அ'-வில் 400 ரூபாய், 'ஆ'-வில் 500 ரூபாய். 200 யூனிட் என்றால் இரண்டிலும் 1,200 ரூபாய். 300 யூனிட் என்றால் 'அ'-வில் 2,000 ரூபாய், 'ஆ'-வில் 1,900 ரூபாய். அதாவது, ஏசி இல்லாத வீட்டுக்கு லாபமாக இருக்கும் கம்பெனி, ஏசி ஓடும் வீட்டுக்கு நஷ்டம். பக்கத்து வீட்டுக்காரர் மாறிவிட்டார் என்பதற்காக நீங்களும் மாற வேண்டியதில்லை.

மாறுவதற்கு முன் கவனிக்க வேண்டியவை

1. கடைசி 12 மாத பில்லை எடுத்து வையுங்கள். கோடை மாதம் ஒன்றை மட்டும் வைத்துக் கணக்கு போடக்கூடாது.
2. இரண்டு கம்பெனியின் நடப்பு கட்டண அட்டவணையையும் பார்த்து, மேலே சொன்ன எல்லாத் தலைப்புகளையும் கூட்டிப் பாருங்கள். ஒரு யூனிட் ரேட்டை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம்.
3. பழைய பாக்கி இருந்தால் முதலில் கட்டி முடியுங்கள்.
4. பில் யார் பெயரில் இருக்கிறதோ அவர் பெயரில்தான் விண்ணப்பம் போக வேண்டும். வாடகை வீடு என்றால் ஓனரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.
5. பழைய டெபாசிட் எப்போது திரும்பக் கிடைக்கும், புதிய டெபாசிட் எவ்வளவு, பழுது வந்தால் எந்த நம்பருக்கு அழைக்க வேண்டும் - மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயம். கட்டண உத்தரவு மாறும்போது இன்று மலிவான கம்பெனி நாளை விலை கூடலாம். அதனால் புது உத்தரவு வரும்போதெல்லாம் ஒருமுறை கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்ப்பது நல்லது.

இதில் நஷ்டம் யாருக்கு?

அதிக யூனிட் பயன்படுத்துபவர்கள் கூடுதல் கட்டணம் கட்டுகிறார்கள். அந்தப் பணத்தில்தான் குறைந்த யூனிட் வீடுகளுக்கு விலை குறைத்துத் தரப்படுகிறது. இது 'கிராஸ் சப்ஸிடி'. அதிகம் கட்டுபவர்கள் கூட்டமாக வேறு கம்பெனிக்குப் போய்விட்டால், பழைய கம்பெனியில் மிச்சமிருப்பவர்கள் தலையில் சுமை விழும். மும்பையிலும் இந்தப் பிரச்சினை வந்தது. அதை ஈடுகட்ட, மாறிப் போனவர்கள் மீது ஆணையம் தனி சர்சார்ஜ் விதித்தது.

தமிழ்நாட்டில் ஏன் இல்லை?

இங்கே வீடுகளுக்கு கரண்ட் தருவது ஒரே ஒரு அரசு நிறுவனம். 2010 வரை மின்சார வாரியம், பிறகு டான்ஜெட்கோ, 2024 முதல் தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம். பெயர் மாறினாலும் மக்களுக்கு அது 'ஈபி'தான். வேறு இடத்திலிருந்து கரண்ட் வாங்கும் 'ஓப்பன் ஆக்சஸ்' வசதி பெரிய ஆலைகள் போன்ற இடங்களுக்கானது. வீடுகளுக்குப் பொருந்தாது.

ஒரே கம்பியில் பல கம்பெனிகள் என்ற முறையை நாடு முழுக்கக் கொண்டுவர, 2022 ஆகஸ்ட் 8-ம் தேதி மத்திய அரசு மின்சாரச் சட்டத் திருத்த மசோதாவை மக்களவையில் தாக்கல் செய்தது. தமிழ்நாட்டுக் கட்சிகள் உட்பட எதிர்க்கட்சிகள் எதிர்த்தன. நிலைக்குழுவுக்கு அனுப்பப்பட்ட அந்த மசோதா, 17-வது மக்களவையுடன் காலாவதியானது. 2025 அக்டோபரில் மத்திய மின்துறை அமைச்சகம் புதிய வரைவை வெளியிட்டது. அதிலும் கம்பியைப் பகிர்ந்துகொள்ளும் அம்சம் இருக்கிறது.

எதிர்ப்பவர்கள் சொல்லும் காரணம் இதுதான்: விவசாயிகளுக்கு இலவச மின்சாரம், வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்ற திட்டங்கள் இங்கே நடக்கின்றன. நிறைய பில் கட்டும் கடைகளையும் ஆலைகளையும் தனியார் எடுத்துக்கொண்டு, மற்றவர்களை அரசு நிறுவனத்திடமே விட்டுவிட்டால் இந்தச் சலுகைகளுக்குப் பணம் எங்கிருந்து வரும்? ஆதரிப்பவர்களோ, போட்டி வந்தால்தான் சேவை சரியாகும், நஷ்டமும் குறையும் என்கிறார்கள்.

மும்பை அனுபவம் இரண்டு தரப்புக்குமே பாடம். போட்டி வந்ததும் மக்களுக்குத் தேர்வு கிடைத்தது உண்மை. அந்தத் தேர்வின் பலன் எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரி கிடைக்கவில்லை என்பதும் உண்மை. நாளை தமிழ்நாட்டுக்கு இது வந்தால், முதல் வேலையாக உங்கள் வீட்டில் மாதம் எத்தனை யூனிட் ஓடுகிறது என்று தெரிந்து வைத்திருங்கள். மற்ற கணக்கெல்லாம் அதிலிருந்துதான் ஆரம்பிக்கும்.