வை.மு.கோ.வை வாசிக்காமல் கொண்டாடுவது

தமிழ் எம்.ஏ. படித்தவர்களிடம் 'வை.மு.கோ.' என்று சொன்னால் கம்பராமாயண உரைதான் நினைவுக்கு வரும். வை.மு. கோபாலகிருஷ்ணமாசாரியார். பதம் பிரித்து, இலக்கணக் குறிப்பு போட்டு, ஒரு பாட்டுக்கு ஒரு பக்கம் எழுதிய மனிதர். அவருடைய உரையை வைத்துத்தான் நாங்கள் தேர்வு எழுதினோம். அதே குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு, அதே எழுத்துகளைத் தன் பெயருக்கு முன்னால் சுமந்து, 115 நாவல்கள் எழுதிய இன்னொரு வை.மு.கோ. உண்டு. வை.மு. கோதைநாயகி அம்மாள். அவருக்கு எங்கள் பாடத்திட்டம் ஒதுக்கியது ஒரே ஒரு வரி. வேதநாயகம் பிள்ளை, ராஜம் ஐயர், மாதவையா என்று வரிசை போட்டுவிட்டு, 'பின்னர் வடுவூரார், ஆரணியார், கோதைநாயகி போன்றோர் பொழுதுபோக்கு நாவல்களைப் பெருக்கினர்' என்று ஒரு வரி. 'பெருக்கினர்' என்ற வினைச்சொல்லைக் கவனியுங்கள். ஏதோ கொசு பெருகினாற்போல.

இந்த ஒரு வரிக்கு எதிர்வினையாக இன்று வேறொரு கோதைநாயகி உருவாக்கப்பட்டிருக்கிறார். 'நாவல் ராணி', 'சுதந்திரப் போராட்ட வீராங்கனை', 'பெண் இதழியலின் முன்னோடி' என்று பட்டங்கள். மகளிர் தினத்தை ஒட்டிச் சிறப்பு மலர்களில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம், கீழே அந்த 115 என்ற எண். சரி, படிச்சுப் பார்த்தவங்க எத்தனை பேர் என்று கேட்டால் சத்தம் இல்லை. பாடத்திட்டம் அவரை வாசிக்காமல் ஒதுக்கியது. கொண்டாட்டம் வாசிக்காமல் ஏற்றுக்கொள்கிறது. இரண்டிலும் காணாமல் போவது ஒன்றுதான்: இந்தப் பெண் எந்த நிலைமையில் எழுதினார், எங்கே அச்சடித்தார், யாரிடம் விற்றார் என்கிற கணக்கு. அவருடைய காதல் கதைகளைவிட அந்தக் கணக்கே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

1901 டிசம்பர் 1இல் திருவல்லிக்கேணி வைணவக் குடும்பமொன்றில் பிறந்தவர். சிறுவயதிலேயே தாயை இழந்தார். ஐந்தரை வயதில் கல்யாணம். கணவர் பார்த்தசாரதி அப்போது சிறுவன். பள்ளிக்கூடம் கிடையாது. தமிழ் புழங்குகிற வீட்டில் மருமகளாகப் போய்ச் சேர்ந்ததால் கேட்டுக் கேட்டு வந்த படிப்பு. அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்குக் கதை சொல்வார். கணவர் நாடகங்களுக்குக் கூட்டிப்போவார். அந்த நாடகங்களைப் பார்த்த வேகத்தில் 'இந்திர மோஹனா' என்ற நாடகத்தைச் சொல்லச் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதினார். 1924இல் அது அச்சாயிற்று. அப்போது இவருக்குத் தடையில்லாமல் எழுத வராது.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். தமிழ் நாவலின் வரலாறு, ஆங்கிலம் படித்த ஆண் ஒருவன் மேஜை முன் உட்கார்ந்து எழுதியதன் வரலாறாகவே நமக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. பி.ஏ., பி.எல். பட்டம், அரசு உத்தியோகம், ஆங்கில நாவல் வாசிப்பு, அப்புறம் தமிழ் நாவல் என்று ஒரு படிக்கட்டு. இந்தப் படிக்கட்டில் கால் வைக்காமலே ஒருத்தி நாவலுக்குள் வந்திருக்கிறாள். கூடத்தில் உட்கார்ந்து, ஒரு பெண் சொல்ல இன்னொரு பெண் எழுத, குரலிலிருந்து ஏட்டுக்குப் போன பிரதி அது. டெரிடாவையெல்லாம் துணைக்கு அழைக்க வேண்டியதில்லை. வாய்மொழிக் கதையாடல் அச்சுக்குள் எப்படி நுழைந்தது என்று கேட்கத் தெரிந்தாலே போதும். அவருடைய நடையில் விமர்சகர்கள் குறையாகச் சொல்லும் எல்லாம் (நீண்ட உரையாடல், நடுவில் புகுந்து புத்தி சொல்லும் ஆசிரியை, தற்செயல்கள், அழுகை, சொன்னதையே திரும்பச் சொல்வது) ஒரு கதைசொல்லி எதிரில் இருப்பவரைப் பிடித்து வைத்துக்கொள்ளச் செய்யும் வேலைகள்தாம். இது நல்ல நாவலுக்கு உதவிற்றா என்பது வேறு கேள்வி. பல இடங்களில் உதவவில்லை. கதையை நிறுத்திவிட்டு உபதேசம் செய்கிற பக்கங்களைத் தாண்டிக் குதிக்காமல் இன்று யாராலும் படிக்க முடியாது. ஆனால் அதைத் திறமைக்குறைவு என்று முத்திரை குத்துவதற்கும், ஒரு வடிவத்தின் பழக்கம் என்று புரிந்துகொள்வதற்கும் வித்தியாசம் உண்டு.

அவரைத் தட்டிக்கொடுத்தவர்களில் துப்பறியும் நாவல் மன்னர் வடுவூர் துரைசாமி ஐயங்கார் ஒருவர். ஆரணி குப்புசாமி முதலியார் ரெயினால்ட்ஸைத் தமிழாக்கிக்கொண்டிருந்த காலம். வடுவூரார் வழியில் இவரும் மர்மம், ஆள்மாறாட்டம், காணாமற்போன வாரிசு என்று போயிருக்கலாம். ஓரளவு போகவும் செய்தார். ஆனால் 1925இல் அவர் செய்த காரியம் வேறு. 'ஜகன்மோகினி' என்ற மாத இதழைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். முதல் நாவலான 'வைதேகி' அதில் தொடராக வந்தது. அதற்குப் பிறகு முப்பது ஆண்டுகளுக்கு மேல் அவரே ஆசிரியர், அவரே முதன்மையான எழுத்தாளர். 1930களின் பிற்பகுதியில் சொந்த அச்சகமும் வந்துவிட்டது. இதழில் தொடர், தொடர் முடிந்ததும் புத்தகம், புத்தகத்தை வாங்கியவர் அடுத்த தொடருக்குச் சந்தாதாரர். ஒரு நாவலை எழுதவோ நிறுத்தவோ எந்த ஆண் ஆசிரியரின் அனுமதியும் தேவைப்படாத ஏற்பாடு. தமிழில் அதற்கு முன்னும் பெண்கள் பத்திரிகை நடத்தியிருக்கிறார்கள், வி. பாலம்மாளின் 'சிந்தாமணி' 1924இல் வந்தது. ஆனால் காதல் கதையை மூலதனமாக்கி இவ்வளவு நீண்டகாலம் ஓட்டிய இன்னொரு பெண்ணை அந்தத் தலைமுறையில் காட்டுவது கஷ்டம்.

சும்மா சொல்லக் கூடாது, சிறுபத்திரிகைக்காரர்களான நாம் நான்காவது இதழில் நின்றுபோவதையே ஒரு லட்சியமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். போர்க்காலக் காகிதப் பஞ்சத்தையும் தாண்டி ஒரு இதழை நடத்தியவரைப் பற்றிப் பேச நமக்குக் கொஞ்சம் கூச்சம் வேண்டும்.

யார் வாங்கினார்கள்? சென்னை மாகாணத்தில் நூற்றுக்கு ஐந்து பெண்கள்கூட எழுதப் படிக்கத் தெரியாத காலம் அது. படித்தவர்களோ பெரும்பாலும் மேல்சாதிக் குடும்பத்துப் பெண்கள். நாவல் படித்தால் பெண்கள் கெட்டுப்போவார்கள் என்ற கூச்சல் அன்று எவ்வளவு பலமாக இருந்தது என்பதை ஆ.இரா. வேங்கடாசலபதி 'நாவலும் வாசிப்பும்' நூலில் காட்டியிருக்கிறார். அடுப்பில் பால் பொங்கி வழிய மருமகள் நாவலில் மூழ்கியிருக்கிறாள் என்பதுதான் அந்தக் கூச்சலின் சித்திரம். இந்தக் கூச்சலுக்கு நடுவே, ஒரு குடும்பப் பெண் எழுதி, குடும்பப் பெண்களுக்கு விற்கிற நாவல் என்ற அடையாளம் ஒரு அனுமதிச் சீட்டாகவே வேலை செய்திருக்க வேண்டும். ஆசிரியையின் பெயருக்குப் பின்னாலிருந்த 'அம்மாள்' மாமியாரைச் சமாதானப்படுத்தும். உள்ளே இருந்த காதல் மருமகளுக்கு.

அந்தக் காதல் எப்படிப்பட்டது? தலைப்புகளையே பாருங்கள். 'பத்மசுந்தரன்', 'கௌரிமுகுந்தன்', 'ருக்மணிகாந்தன்', 'நளினசேகரன்', 'பரிமளகேசவன்'. பெண்பெயரும் ஆண்பெயரும் ஒரே சொல்லாகப் புணர்ந்து நிற்கின்றன. இலக்கணக்காரர்கள் தொகை என்பார்கள். கல்யாணப் பத்திரிகை அச்சடித்து முடிந்த பிறகே கதை தொடங்குகிற மாதிரி. இவர்கள் சேருவார்களா என்ற பதற்றம் வாசகிக்கு வேண்டாம். எப்படிச் சேரப்போகிறார்கள் என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். காதல் கதையின் இன்பம் இந்த உத்தரவாதத்தில்தான் இருக்கிறது என்று ஜானிஸ் ராட்வே 1984இல் அமெரிக்க வாசகிகளை வைத்து எழுதிய நூல் நினைவுக்கு வருகிறது. அந்தப் பெண்கள் அவரிடம் சொன்னதில் முக்கியமானது கதையைப் பற்றியதல்ல, படிக்கிற நேரத்தைப் பற்றியது. கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் இல்லாமல் தனக்கென்று பிடுங்கிக்கொண்ட நேரம். ஆனால் அதே கதைகள் அந்தக் குடும்ப அமைப்பை அசைக்காமல் திருப்பி ஒப்படைத்துவிடுகின்றன என்பதையும் ராட்வே மறைக்கவில்லை.

கோதைநாயகியிடமும் இந்த இரட்டைத்தன்மை உண்டு. விதவை மறுமணத்தை 'கௌரிமுகுந்த'னில் 1920களிலேயே எடுத்துக்கொண்டார். வரதட்சிணை, குடி, அந்நியத் துணி எல்லாம் கதைக்குள் வருகின்றன. ஆனால் எல்லாச் சீர்திருத்தமும் உத்தமி ஒருத்தியின் பொறுமையில் போய்த்தான் முட்டிக்கொள்கிறது. வீடு உடைவதில்லை; வீட்டுக்காரன் திருந்துகிறான். காந்தியக் கருத்தியலுக்கும் காதல் கதையின் கட்டமைப்புக்கும் இதைவிடப் பொருத்தமான திருமணம் அமைந்திருக்க முடியாது. எதிரியின் மனத்தை மாற்றுவது என்பது இரண்டுக்கும் பொது.

காந்தியைச் சந்தித்தபின் பட்டையும் நகையையும் விட்டுக் கதருக்கு மாறினார். மேடைகளில் பேசினார், பாடினார். பாடகியாகவே தனிப்பெயர் பெற்றிருந்தவர். 1930களின் தொடக்கத்தில் மறியலுக்காகச் சிறை போனார். உள்ளேயும் எழுதினார். வெளியே இதழைக் கணவர் கவனித்துக்கொண்டார். சிறையில் இருந்தபோதும் ஜகன்மோகினி வந்தது என்பதைத் தேசபக்தியின் சாட்சியமாக மட்டுமே எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அது ஒரு தொழில்முறை எழுத்தாளரின் கவலையாகவும் தெரிகிறது. தொடர் நின்றால் சந்தா நிற்கும்.

1933இல் 'மணிக்கொடி' தொடங்குகிறது. 1935இல் அது சிறுகதை இதழாகிறது. நவீன இலக்கியம் என்று நாம் வழிபடுவதன் பிறப்பிடம். அந்தத் தலைமுறைக்கு வடுவூராரும் கோதைநாயகியும் கடக்க வேண்டிய குப்பை. அப்படி நினைத்திருக்காவிட்டால் புதுமைப்பித்தன் தமக்கான உரைநடையைக் கண்டெடுத்திருக்க முடியாது என்பதை நான் மறுக்கவில்லை. சிக்கல் அதற்குப் பிறகு. ஒரு தலைமுறையின் போர்த்தந்திரம் அடுத்த தலைமுறைகளுக்கு இலக்கிய வரலாறாகிவிட்டது. தீவிரம் என்பது ஆண், வணிகம் என்பது பெண் என்ற சமன்பாடு நம் சொல்லாடலுக்குள் ஓசையில்லாமல் வந்து உட்கார்ந்துகொண்டது. 'பொம்பளைங்க படிக்கிற கதை' என்று இப்போதும் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிறோம்.

இதனால் கோதைநாயகியைப் புனிதப்படுத்திவிட முடியாது. 1936இல் மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரின் 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' வெளிவந்தது. அவரும் அரசியல் மேடையில் நின்ற பெண். அவரும் கதையைப் பிரச்சாரத்துக்குப் பயன்படுத்தியவர். ஆனால் தேவதாசி முறைக்குள்ளிருந்து வந்தவர் அவர், சுயமரியாதை இயக்கத்தின் குரலாக எழுதினார். அவருக்கு மாதாமாதம் காத்திருக்கும் சந்தாதாரக் குடும்பங்கள் இல்லை. குடும்பப் பெண் என்ற அனுமதிச் சீட்டு, யாருக்கு மறுக்கப்பட்டதால் அதற்கு மதிப்பு வந்ததோ, அந்தப் பக்கத்திலிருந்து எழுதியவர் அவர். திருவல்லிக்கேணிக் கூடமும் வீட்டாரின் தமிழும் கணவரின் துணையும் எல்லாப் பெண்களுக்கும் கிடைத்த மூலதனம் அல்ல. அச்சகத்தைச் சொந்தமாக்கியதைப் பேசும்போது சாதியைப் பேசாமல் விட்டால் அது பாதிக் கணக்கு.

ஆனாலும் அந்தப் பாதியைத் தள்ளிவிட முடியாது என்பதற்குப் பின்னால் வந்தவர்களே சாட்சி. ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படிப்புச் செலவுக்காக 'ஆனந்த விகடன்' பக்கங்களில் எழுதத் தொடங்கினார் லக்ஷ்மி. 'பெண் மனம்' போன்ற நாவல்கள் அவரை வீட்டுக்கு வீடு கொண்டுபோயின. 1984இல் சாகித்திய அகாதமி பரிசும் பெற்றார். ரமணிசந்திரன் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதினார். மாத நாவல் பதிப்பகங்கள் அவர் பெயரை அட்டையில் போட்டே பிழைத்தன. இவர்களுக்கு வாசகிகள் கோதைநாயகிக்குக் கிடைத்ததைவிடப் பல மடங்கு. ஆனால் பக்கம் இவர்களுடையது அல்ல. எத்தனை வாரம், எத்தனை பக்கம், அட்டையில் என்ன படம் என்பதையெல்லாம் வேறொருவர் தீர்மானித்தார். வாசகிகளின் கூட்டம் பெருகப் பெருக, அந்தக் கூட்டத்தை உருவாக்கிய பெண்ணின் பிடி குறைந்தது. கோமல் சுவாமிநாதன் 1991இல் பொறுப்பேற்றுத் தீவிர இதழாக்கிய 'சுபமங்களா'வுக்கு அதற்கு முன் ஆசிரியராக இருந்தவர் அனுராதா ரமணன். நம்மில் பலருக்கு அந்த இதழின் வரலாறு கோமலிடமிருந்துதான் தொடங்குகிறது. அதற்கு முந்தைய இதழ்களைப் பத்திரப்படுத்திய இலக்கிய நண்பர் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை.

கோதைநாயகியின் கடைசி ஆண்டுகள் துயரமானவை. ஒரே மகன் ஸ்ரீநிவாசன் இறந்துபோனார். அதிலிருந்து அவர் மீளவில்லை. காசநோய் கண்டு, தாம்பரம் சானடோரியத்தில் 1960 பிப்ரவரி 20இல் காலமானார். ஜகன்மோகினியை அதே வேகத்தில் ஓட்ட அவருக்குப் பின் யாரும் இல்லை. இதழ் அவருடைய உடம்பை நம்பித்தான் ஓடியிருக்கிறது. தனி ஒருவரின் உழைப்பை ஆதாரமாகக் கொண்ட எல்லா இதழ்களுக்கும் உள்ள பலவீனம்தான் இது. 'ராஜமோகன்', 'அநாதைப் பெண்' என்று அவருடைய நாவல்கள் 1930களிலேயே சினிமாவாகியிருந்தன. அவர் இறந்து ஆறு ஆண்டுகள் கழித்து, 1966இல், 'தயாநிதி' நாவலை வைத்து கே.எஸ். கோபாலகிருஷ்ணன் 'சித்தி' எடுத்தார். தம்பியின் டாக்டர் படிப்புக்காக வயதானவனைக் கட்டிக்கொள்ளும் பெண்ணாக பத்மினி, அந்த வயதானவனாக எம்.ஆர். ராதா. எங்கள் வீட்டிலும் அந்தப் படத்தைத் தொலைக்காட்சியில் எத்தனையோ முறை பார்த்து அழுதிருக்கிறார்கள். கதை யாருடையது என்று கேட்டால் 'டைரக்டரோடதுதான்' என்பார்கள்.