தஞ்சாவூர் கலைக்கூடம்

தஞ்சாவூர் அரண்மனை வளாகத்தில் 1951-இல் நிறுவப்பட்ட வட்டார அருங்காட்சியகம். கற்சிற்பங்களுக்கும் சோழர் காலச் செப்புத்திருமேனிகளுக்கும் பெயர்பெற்றது. அரண்மனை நாயக்கர் காலத்தில் தொடங்கி மராத்தியர் காலத்தில் விரிவடைந்தது. இக்கூடத்தின் சிறப்பைப் பொருள்களின் எண்ணிக்கையால் அளப்பது பொருந்தாது. அவற்றுட் பல காவிரிப் படுகையிலேயே உருவாகி, அங்கேயே தங்கியிருப்பதுதான் அதன் வலிமை. திருவெண்காட்டு ரிஷபவாகன தேவர் இதற்குத் தலையாய சான்று. காளையின் மீது கை ஊன்றியதுபோல் ஒயிலாக நிற்கும் இத்திருமேனியுடன் இப்போது காளை இல்லை. முதலாம் இராசராசனின் 26-ஆம் ஆட்சியாண்டில் (1011) இது எடுப்பிக்கப்பட்டதை அவ்வூர்க் கோயில் கல்வெட்டால் அறிகிறோம். தேவியின் திருமேனி மறு ஆண்டுக்குரியது. சோழர் படிமங்களில் காலம் உறுதியானவை மிகச் சில. ஆகவே பிறவற்றின் காலத்தைக் கணிக்க இந்த இணை அளவுகோலாகிறது. தாராசுரத்திலிருந்து வந்த யானை உரித்த பெருமான் சிற்பம் 12-ஆம் நூற்றாண்டுப் பாணியைக் காட்டுகிறது.

பூசைக்குரிய திருமேனியைக் காட்சிப்பொருளாக்குவது முறையா என்ற மறுப்பு புறக்கணிக்கத்தக்கதன்று. பட்டும் மாலையும் அணிந்து வீதியுலா வருவதற்கென வார்க்கப்பட்டவை இவை. அந்தச் சூழலை எந்த அருங்காட்சியகமும் ஈடுசெய்யாது. எனினும் திருவெண்காட்டுப் படிமங்கள் கோயிலிலிருந்து பெயர்க்கப்பட்டவை அல்ல. மண்ணில் புதைந்து, வழிபாடு அற்றிருந்து, 20-ஆம் நூற்றாண்டில் மீண்டவை. பெருநகரில் பாதுகாப்பும் பார்வையாளரும் மிகுதி, ஆகவே இவை அங்கே இருப்பதே நன்று என்பது மற்றொரு வாதம். ஆனால் கல்வெட்டும் கோயிலும் படிமமும் அருகருகே இருந்தால்தான் ஒப்பாய்வு எளிதாகும். இந்த வாய்ப்பு எல்லாப் படிமங்களுக்கும் கிட்டவில்லை: திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் படிமம் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளது.